தையல் பழகுவோருக்கு ஏற்ற முதல் இயந்திரம்



நிலக்கடலையோ நெல்லோ விற்றுக் கையில் சிறிது பணம் புரளும் நாட்களில்தான், "வீட்டுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டால் என்ன?" என்ற பேச்சு எழுகிறது. பேச்சு எழுவது நல்லதே. களை எடுப்பும் அறுவடையும் இல்லாத மாதங்களில் வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்க உதவும் தொழில்களுள் தையலும் ஒன்று. குடும்பத்துக்குத் தேவையான துணிகளைத் தைத்துக்கொண்டாலே தையல்கூலி மிச்சமாகும்.

ஆனால் கிராமத்தில் நாலு வீடு ஏறி இறங்கினால், மூலையில் போர்வை மூடிக் கிடக்கும் ஓர் இயந்திரத்தையாவது காணலாம். "நூல் அறுந்துகொண்டே இருக்கிறது", "அது எங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை", "பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை" என்பார்கள். உழைக்க மனம் இல்லாததால் அந்த இயந்திரங்கள் முடங்கிவிடவில்லை. தேவை அறியாமல், சோதித்துப் பார்க்காமல் வாங்கியதே பெரும்பாலும் காரணம். உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். அதே எச்சரிக்கை தையல் இயந்திரம் வாங்கும்போதும் வேண்டும். எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

இயந்திரம் வந்த வழி

1830-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த திமோனியே என்ற தையற்காரர் ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1846-இல் அமெரிக்காவின் எலியாஸ் ஹோவும், 1851-இல் ஐசக் சிங்கரும் மேல்நூல், அடிநூல் என இரண்டு நூல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பூட்டுத்தையல் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். 1924-ஆம் ஆண்டில் இயந்திரங்களைப் பற்றிய ஓர் உரையாடலின்போது காந்தியடிகள், மனிதனுக்கு உண்மையில் பயன்படும் சில கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகத் தையல் இயந்திரத்தை ஏற்றுக்கொண்டார். 1930-களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் உருவாகத் தொடங்கியது. பின்னர் பஞ்சாபின் லூதியானா நகரம் தையல் இயந்திரங்களுக்கும் உதிரி உறுப்புகளுக்கும் பெயர் பெற்ற இடமாயிற்று.

சங்கிலித் தையலுக்கும் பூட்டுத்தையலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. மூட்டையின் வாய்த் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று பிரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சங்கிலித் தையல். உடுக்கும் துணிக்குப் பூட்டுத்தையலே வேண்டும். கைக்கடக்கமாக மின்கலத்தில் ஓடும் சிறு கருவிகளை மலிவாக விற்கிறார்கள். அவற்றுள் பல ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுபவை. அவற்றைக் கொண்டு தையல் பழகவும் முடியாது. தொழில் செய்யவும் முடியாது.

முதலில் தேவையை முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகுமுன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

1. தைக்கப் போகிறவர் யார்? அவருக்கு நாள்தோறும் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

2. வீட்டுத் துணி மட்டுமா, கூலிக்குத் தைப்பதா, அல்லது பின்னாளில் தையற்கூடத்தில் வேலைக்குச் செல்லும் எண்ணமா?

3. என்ன துணி? பருத்திச் சேலை, ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடையா? பனியன் துணியா?

4. வீட்டில் பகல் நேரத்தில் மின்சாரம் தடையின்றி இருக்கிறதா?

5. பழுது பார்ப்பவர் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார்?

தைக்கப் போகிறவரை அழைத்துச் செல்லாமல் ஒருபோதும் இயந்திரம் வாங்காதீர்கள். குடும்பத் தலைவர் மட்டும் நகரத்துக்குச் சென்று, கடைக்காரர் காட்டியதை வண்டியில் ஏற்றி வருவது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. மிதியில் கால் வைக்கப் போகிறவர் கடையிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அவருக்குக் கால் எட்டுகிறதா, மிதி கனக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

இயந்திர வகைகள்

கை மிஷின்: வலப்பக்கச் சக்கரத்தில் கைப்பிடி பொருத்தியது. இடம் குறைவாகப் பிடிக்கும், தூக்கிச் செல்லலாம். ஆனால் வலக்கை சக்கரத்தைச் சுற்றுவதால் துணியை நடத்த இடக்கை ஒன்றுதான் மிஞ்சும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், கால் ஊன்ற முடியாதவர்களுக்கும் இது உதவும். மற்றவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கால் மிஷின்: கறுப்பு வண்ணம் பூசிய வார்ப்பிரும்புத் தலையும், மிதி உள்ள இரும்பு ஸ்டாண்டும் கொண்டது. நேர்த்தையல் மட்டுமே போடும். இரண்டு கைகளும் துணிக்குக் கிடைக்கும். கால் எவ்வளவு மெதுவாக மிதிக்கிறதோ அவ்வளவு மெதுவாக ஊசி இறங்கும். மின்சாரம் தேவையில்லை. உதிரி உறுப்புகள் சிறு நகரங்களிலும் கிடைக்கும். இதிலேயே வீட்டு உபயோகத்துக்கான மாதிரி, தையற்காரர்களுக்கான சற்றுப் பளுவான மாதிரி என இரண்டு உண்டு. கூலிக்குத் தைக்கும் எண்ணம் இருந்தால் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

மின்சார வீட்டு மிஷின்: வெள்ளை நிறத்தில், மேசைமேல் வைத்துத் தைக்கும்படி இருக்கும். நேர்த்தையலோடு ஜிக்ஜாக் தையல், காஜா, சில அலங்காரத் தையல்களும் போடும். எடை குறைவு. ஆனால் தடித்த துணியை நாள் முழுவதும் தைக்கும் பளுவைத் தாங்காது. பழுதுபட்டால் நகரத்துக்குத்தான் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும்.

தொழிற்சாலை மிஷின்: பவர் மிஷின் என்பார்கள். நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 தையல் வரை போடும். கால் பட்டதும் சீறிப் பாயும். பழகாதவருக்கு விரலில் ஊசி ஏறும் ஆபத்து உண்டு. பழைய வகை கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே மின்சாரத்தைத் தின்னும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் சுற்றும். வேகத்தைக் குறைத்தும் வைத்துக்கொள்ளலாம். தையற்கூட வேலைக்குப் போகிறவர்கள் பயிற்சி நிலையத்தில் இதைப் பழகிக்கொள்வது நலம். முதல் இயந்திரமாக வீட்டுக்கு வாங்குவது அகலக்கால் வைப்பதாகும்.

ஆகவே, பருத்தித் துணியும் ரவிக்கையும் பாவாடையும் தைக்க விரும்பும் புதியவருக்குக் கால் மிஷினே ஏற்றது என்பது எங்கள் பரிந்துரை. கை பழகிய பின் அதே தலையில் சுமார் 100 வாட் திறனுள்ள சிறு மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம். மின்சாரம் நின்றால் மீண்டும் பெல்ட்டை மாட்டி மிதிக்கலாம்.

பனியன் துணி தைக்க நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. திருப்பூர்ப் பக்கத்து நிறுவனங்களிலிருந்து துணி வாங்கித் தைத்துக் கொடுக்கலாம் என்று எண்ணிச் சிலர் நேர்த்தையல் மிஷின் வாங்குகிறார்கள். பின்னல் துணி இழுத்தால் நீளும், நேர்த்தையல் நீளாது. ஆகவே உடுத்தும்போது தையல் அறுந்துவிடும். அதற்கு ஓவர்லாக் போன்ற தனி இயந்திரங்களும், துணியின் கண்ணியை அறுக்காத உருண்டை முனை ஊசியும் வேண்டும். வேலை தருபவரிடம் எந்த இயந்திரம் வேண்டும் என்று உறுதியாகக் கேட்டறிந்த பின்பே பணத்தைப் போடுங்கள்.

தார்ப்பாய், கோணி ஆகியவற்றையும் வீட்டு மிஷினில் தைக்கக் கூடாது. ஊசி ஒடியும், ஊசித் தண்டு வளையும். சாக்கின் கிழிசலுக்குக் கோணி ஊசியே போதும். மூட்டை வாய் கட்ட அதற்கென உள்ள மூட்டை தைக்கும் கருவி இருக்கிறது.

கடையில் செய்ய வேண்டிய எட்டுச் சோதனைகள்

போகும்போது வீட்டிலிருந்தே சிறிது மெல்லிய வாயில் துணி, சாதாரணப் பருத்தித் துணி, தடித்த காடாத் துணி, கோடு போட்ட தாள், சிவப்பு நூற்கண்டு, நீல நூற்கண்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தைத்துக் காட்டும் துணியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒன்று: நூல் கோக்காமல், பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றும் ஒரே சீராக வர வேண்டும். ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்தால் உள்ளே கோளாறு இருக்கிறது.

இரண்டு: ஊசித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரியக் கூடாது. ஆட்டம் இருந்தால் தையல் விட்டுவிட்டு விழும்.

மூன்று: ஊசி, தகட்டுத் துளையின் நடுவே இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். ஓரத்தில் உரசினால் நூல் அறும், ஊசி ஒடியும்.

நான்கு: துணியைத் தள்ளும் பற்களை விரலால் தடவிப் பாருங்கள். மாட்டின் பல்லைப் பார்ப்பது போலத்தான். கூர்மையாகவும் ஒரே மட்டமாகவும் இருக்க வேண்டும். தேய்ந்த பற்கள் துணியை நகர்த்தா.

ஐந்து: கோடு போட்ட தாளை வைத்து, நூலில்லாமல் கோட்டின்மேல் ஓட்டுங்கள். துளைகள் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். பின்தையல் வசதி உள்ள இயந்திரமானால், அதே கோட்டில் பின்னோக்கி ஓட்டி இரு பக்கமும் இடைவெளி ஒத்து வருகிறதா என்றும் பாருங்கள்.

ஆறு: பாபினை அதன் கேஸில் போட்டு, நூல் முனையைப் பிடித்துத் தொங்க விடுங்கள். தானாகக் கீழே இறங்கக் கூடாது. கையை லேசாக உதறினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும். அடிநூலின் இறுக்கம் சரியாக இருப்பதற்கு இதுவே அடையாளம்.

ஏழு: மேலே சிவப்பு நூலும் அடியில் நீல நூலும் கோத்து, பருத்தித் துணியை இரண்டாக மடித்துத் தைத்துப் பாருங்கள். மேற்பக்கம் சிவப்பும், அடிப்பக்கம் நீலமும் மட்டுமே தெரிய வேண்டும். மேலே நீலப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் மிகுந்த இறுக்கம். அடியில் சிவப்புச் சுருக்குகள் தெரிந்தால் மேல்நூல் தளர்வு. டென்ஷன் திருகைச் சிறிது திருப்பினால் இது சரியாக வேண்டும். திருகியும் சரியாகாத இயந்திரம் வேண்டாம். பிறகு வாயில் துணியிலும், நான்கு மடிப்புக் காடாவிலும் தைத்துப் பாருங்கள். மெல்லிய துணி சுருங்கக் கூடாது. தடித்த துணியில் தையல் தாவக் கூடாது.

எட்டு: ஸ்டாண்டைச் சமதரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். நான்கு காலும் தரையில் பதிய வேண்டும். மிதிக்கும்போது 'டக் டக்' என்று இடிக்கக் கூடாது. பெல்ட் இரு சக்கரப் பள்ளங்களிலும் நேராக ஓட வேண்டும்.

இந்த எட்டையும் பார்க்க அரை மணி நேரம் போதும். அரை மணி பொறுக்காத கடைக்காரரிடம், நாளை பழுது என்று போய் நின்றால் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

விலை பேசும்போது

கடைக்காரர் சொல்லும் விலை பல நேரங்களில் தலைக்கு மட்டும் உரியதாக இருக்கும். ஸ்டாண்டு, மேசைப் பலகை, மூடி, பெல்ட், மோட்டார் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை உண்டா என்று கேளுங்கள். எல்லாம் சேர்த்து மொத்த விலை எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். பில்லில் தலையில் பொறித்துள்ள எண் இருக்க வேண்டும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இட்டு வாங்குங்கள். உடன் வாங்க வேண்டியவை: கூடுதலாக ஐந்து பாபின், ஒரு பாபின் கேஸ், ஊசிகள், திருப்புளி, தையல் மிஷின் எண்ணெய், நல்ல கத்தரிக்கோல், அளவு நாடா.

ஊசியில் எண் உண்டு. மெல்லிய வாயிலுக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, சட்டை, சீருடைத் துணிக்கு 16, தடித்த துணிக்கு 18 என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்சாலை மிஷின் ஊசி முழு உருண்டை. ஒன்றை மற்றதில் போடக் கூடாது.

பழைய இயந்திரம் வாங்கலாமா?

வாங்கலாம். வார்ப்பிரும்புத் தலை நன்றாகப் பேணினால் இரண்டு தலைமுறைக்கும் உழைக்கும். பெயிண்ட் உரிந்திருப்பதும், பொன்னிற எழுத்து அழிந்திருப்பதும் குறையல்ல. பெல்ட், பாபின் கேஸ், ஸ்பிரிங், தகடு, பற்கள் ஆகியவை மாற்றக்கூடியவை. நாளாகக் கிடந்து இறுகிய இயந்திரத்தில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் துடைத்து எண்ணெய் போட்டால் பெரும்பாலும் ஓடத் தொடங்கும். மண்ணெண்ணெய் விட்ட இடத்தில் விளக்கோ அடுப்போ அருகில் இருக்கக் கூடாது.

ஆனால் தலையில் விரிசல் இருந்தாலோ, ஒட்டவைத்த அடையாளம் தெரிந்தாலோ, மேல்தண்டில் ஆட்டம் இருந்தாலோ, ஷட்டில் ஓடும் பள்ளத்தில் துரு அரித்திருந்தாலோ எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். முடிந்தால் அனுபவமுள்ள தையற்காரர் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் பேருந்துக் கட்டணம் வீண் செலவல்ல.

கணக்குப் பார்த்து இறங்குங்கள்

கீழே உள்ளது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கே. உங்கள் ஊர் விலையையும் கூலியையும் இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

கால் மிஷின் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரவிக்கை ஒன்றுக்குக் கூலி 100 ரூபாய். நூல், ஊக்கு, ஊசி, எண்ணெய்ச் செலவு 15 ரூபாய். மிச்சம் 85 ரூபாய். மாதம் 12 ரவிக்கை தைத்தால் 1,020 ரூபாய். போட்ட முதல் ஒன்பது மாதத்தில் திரும்பும். பழகும் காலம் மூன்று மாதம், வயல் வேலை மிகுந்து தைக்க முடியாத காலம் மூன்று மாதம் ஆக ஆறு மாதத்தைச் சேர்த்தால் பதினைந்து மாதம். இது தாங்கக்கூடிய கணக்கு.

இப்போது வேறொரு குடும்பத்தைப் பாருங்கள். தையல் தெரியாத நிலையிலேயே, 25,000 ரூபாய்க்கு மோட்டார் வைத்த பெரிய இயந்திரத்தை, நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கி எடுக்கிறார்கள். மாத வட்டி மட்டும் 750 ரூபாய். அதே 12 ரவிக்கை தைத்தால் 1,020 ரூபாயில் வட்டி போக 270 ரூபாய்தான் அசலைத் தொடும். பழகும் மூன்று மாதத்திலோ ஒரு காசும் வராது. வட்டி மட்டும் 2,250 ரூபாய் ஏறியிருக்கும். இரவெல்லாம் விளக்கைப் போட்டுத் தைத்தாலும் அந்தப் பெண்ணின் உழைப்பு வட்டிக்காரருக்கே போகும். கடைசியில் இயந்திரத்தைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுக் கடனை மட்டும் சுமக்க நேரும். ஆழம் தெரியாமல் காலை விட்டதால் வந்த வினை இது.

ஆகவே முதலில் பழகுங்கள், பிறகு வாங்குங்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தையற்பயிற்சி கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் மனையியல் பிரிவு இருந்தால் அங்கும் விசாரிக்கலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம் அண்டைப் பகுதியான புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. கடன் தேவையானால் மகளிர் சுய உதவிக் குழு வழியாகக் கேளுங்கள். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய இக்குழு முயற்சியின் நோக்கமே கந்துவட்டியிலிருந்து பெண்களைக் காப்பதாகும். தமிழ்நாடு அரசின் சமூக நலத்துறை, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் வழியாக, கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கி வந்துள்ளது. இப்போதைய விதிமுறைகளை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் நேரில் கேட்டறியுங்கள். தையல் பயின்ற சான்றையும் கையில் வைத்திருங்கள்.

முதல் மாதப் பயிற்சி

முதல் மூன்று நாள்: நூல் வேண்டாம், துணி வேண்டாம். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மிதிக்க மட்டும் பழகுங்கள். பாதத்தை இறக்கித் துணியில்லாமல் ஓட்டினால் பற்கள் தேயும். கைச்சக்கரம் எப்போதும் உங்கள் பக்கமாகவே சுற்ற வேண்டும். புதியவருக்கு அது பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றினால் பிற்பாடு நூல் சிக்கி அறும்.

அடுத்த நான்கு நாள்: தாளில் நேர்கோடு, வளைவு, மூலை ஆகியவற்றின்மேல் நூலில்லாமல் ஓட்டுங்கள். மூலையில் ஊசியைக் கீழே இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்புங்கள். இதற்குப் பழைய ஊசியைப் பயன்படுத்துங்கள். தாள் ஊசியை மழுங்கச் செய்யும்.

இரண்டாம் வாரம்: நூல் கோத்துப் பழந்துணியில் தையுங்கள். ஒரு அங்குலத்துக்கு 10 தையல் விழுமாறு வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம், நான்காம் வாரம்: துணிப்பை, தலையணை உறை, பாவாடை என்று ஏறுவரிசையில் செல்லுங்கள். ரவிக்கைக்கு அவசரப்பட வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. எனவே நேர்த்தையல் மட்டுமே தெரிந்தவரும் துணிப்பை தைத்து விற்க வழி இருக்கிறது.

கோளாறும் காரணமும்

மேல்நூல் அடிக்கடி அறுந்தால்: டென்ஷன் இறுக்கம், மட்டமான நூல், ஊசியைத் திருப்பிப் போட்டது, தகட்டுத் துளையில் பிசிர். ஊசியில் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூலைக் கோக்க வேண்டும்.

அடிநூல் அறுந்தால்: பாபினில் நூல் சீரற்றுச் சுற்றியது, கேஸில் பஞ்சுத் தூசி.

தையல் தாவினால்: ஊசி வளைந்தது, மழுங்கியது, அல்லது முழுவதும் மேலேறாமல் பொருத்தியது.

ஊசி ஒடிந்தால்: துணியைக் கையால் இழுத்தது, தடித்த துணிக்கு மெல்லிய ஊசி போட்டது.

துணி சுருங்கினால்: நூல் இறுக்கம், மெல்லிய துணிக்குத் தடித்த ஊசி.

ஆளை அழைக்குமுன் ஊசியை மாற்றுங்கள். மேல்நூலை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். பல கோளாறுகள் அதோடு தீரும்.

பேணும் முறை

நாள்தோறும் தைப்பவர் நாள்தோறும், எப்போதாவது தைப்பவர் வாரம் ஒருமுறை, எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு மிஷின் எண்ணெய் விடவும். பிறகு பழந்துணியில் சிறிது நேரம் ஓட்டினால் மிகுந்த எண்ணெய் வெளியேறும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் கூடவே கூடாது. அவை நாளடைவில் பிசினாக இறுகி இயந்திரத்தை முடக்கிவிடும்.

இயந்திரத்தை உர மூட்டைகள் உள்ள அறையில் வைக்காதீர்கள். யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுப்பதால் அருகிலுள்ள இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வையுங்கள். எலி பெல்ட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் பொருத்தினால் தரை இணைப்புள்ள மூன்று முனை பிளக் இருக்கட்டும். குழந்தைகள் விரலை மிதியிலோ சக்கரத்திலோ வைக்காதபடி, வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றி விடுங்கள்.

நினைவில் கொள்க

தேவையை முடிவு செய்த பின் கடைக்குப் போங்கள். தைப்பவரே ஓட்டிப் பார்க்கட்டும். புதியவருக்குக் கால் மிஷின் போதும். இருவண்ண நூலில் தைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழகுமுன் பெரிய இயந்திரமும் வேண்டாம். வட்டிக் கடனும் வேண்டாம்.

நல்ல விதையைத் தேர்ந்து, நிலத்தைப் பண்படுத்தி, காலத்தில் விதைத்தால் விளைச்சல் தானே வரும் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தையலும் அப்படியே. மூலையில் போர்வை மூடிக் கிடக்கும் இயந்திரம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலையே போர்வையை எடுங்கள். தூசியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது ஊசி மாட்டி, மேலே சொன்ன சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். புதிதாக ஒன்று வாங்க வேண்டிய தேவையே இல்லாமலும் போகலாம்.